பாலம் இரண்டு இருந்தால் மட்டும் போதுமா?



சர்வர், ஸ்டோரேஜ் என்று வேலை பார்க்கும் பிள்ளைகள் நம்மில் நிறையப் பேர். உங்களை நம்பிச் சேமிப்பைப் போட்டு வைத்திருக்கும் பென்ஷன்காரர்கள் அதைவிட அதிகம். இரு தரப்புக்கும் சேர்த்தே இது.

2021 பிப்ரவரி 24 நினைவிருக்கிறதா? தேசியப் பங்குச் சந்தையில் காலை 11.40க்கு வர்த்தகம் நின்றது. மாலை 3.45க்குத்தான் மீண்டது. அவர்களிடம் இரண்டு தொலைத்தொடர்பு நிறுவனங்களின் இணைப்புகள் இருந்தன. சாலையில் தோண்டியதில் அவை பழுதாகி, அதையொட்டி ஸ்டோரேஜும் எதிர்பாராதபடி நடந்துகொண்டது என்று சந்தையே விளக்கம் சொன்னது. வாங்கியதை விற்க முடியாமல் சிறு முதலீட்டாளர்கள் தவித்தார்கள். பாதைகளின் எண்ணிக்கை யாரையும் காப்பாற்றவில்லை.

வைகையில் வெள்ளம் வந்தால் யானைக்கல் தரைப்பாலம் மூழ்கும். 1889ல் திறந்த ஏ.வி. பாலம் பக்கத்திலேயே இருக்கிறது. ஆனாலும் வண்டிகளைத் திருப்பிவிட ஒரு போலீஸ்காரர் வேண்டுமல்லவா? அவர் எங்கே நிற்க வேண்டும் என்பதுதான் என் கேள்வி.

கம்ப்யூட்டரிலும் அப்படித்தான். ஒரே டிஸ்க்குக்கு இரண்டு கேபிள் போட்டால், இயங்குதளத்தின் மையமான கெர்னல் அதை இரண்டு டிஸ்க் என்று எண்ணிக்கொள்ளும். ஒரே பையன் பெயர் வருகைப் பதிவேட்டில் இரண்டு இடத்தில் ஏறிய கதை. லினக்ஸில் இதை நெடுங்காலமாகப் பார்த்துக்கொண்டது டிஎம்-மல்டிபாத். கெர்னலுக்குள் ஓர் அடுக்கு, வெளியே கண்காணிக்க ஒரு நிரல், அதற்கென்று தனியாக ஓர் அமைப்புக் கோப்பு. அறுந்த பாதை திரும்ப வந்துவிட்டதா என்று பார்த்துச் சொல்வது அந்த வெளி ஆள்.

2018 ஜனவரியில் வந்த லினக்ஸ் 4.15, என்விஎம்இ டிஸ்க்குகளுக்கு இந்த வேலையைக் கெர்னலின் டிரைவருக்குள்ளேயே கொண்டுவந்தது. முக்கியமாக எழுதியவர் கிறிஸ்டோஃப் ஹெல்விக். சேர்க்கை எண்ணைப் பார்த்து இரண்டு பெயரும் ஒரே பையன் என்று நாம் கண்டுபிடிப்போமே, அதுபோல டிஸ்க்கின் அடையாள எண்ணைப் பார்த்துப் பாதைகளை ஒன்றாகக் கட்டி, மேலே ஒரே டிஸ்க்காகக் காட்டும். ஒரு பாதை அறுந்தால், பாதியில் நின்ற வேலையை மற்றதில் அனுப்பும். அதே ஆண்டு 4.19ல், எந்தப் பாதை நல்லது என்று ஸ்டோரேஜே சொல்லும் ஏஎன்ஏ வசதியும் சேர்ந்தது.

நான் கெர்னல் கட்சி. பாதை அறுந்தது முதலில் தெரிவது டிரைவருக்கு. தெரிந்தவனே முடிவெடுக்கட்டும். ஆள் மாறி ஆள் சொல்லும்போதுதான் சேதி திரியும். அதற்காகப் பழையதைத் தூக்கிப்போடச் சொல்லவில்லை. ஸ்கசி டிஸ்க்குகளுக்கு இன்றும் அதுதான். ரெட் ஹாட் லினக்ஸ்கூட 8ஆம் பதிப்பில் என்விஎம்இக்குப் பழைய முறையையே இயல்பாக வைத்திருந்தது, 9ல்தான் மாறியது. அந்த நிதானம் எனக்குப் பிடித்திருக்கிறது.

பங்குச் சந்தையில் நடந்தது லினக்ஸ் கோளாறு என்று நான் சொல்லவரவில்லை. காகிதத்தில் இருந்த இரண்டாவது பாதையை நம்பியிருந்தார்கள், அவ்வளவுதான். கெர்னலில் வசதி வந்துவிட்டது என்பதும் அதே மாதிரி ஒரு காகிதம்தான், யாராவது சோதித்துப் பார்க்கும் வரை.

ஆகவே பிள்ளைகளே, உங்கள் இடத்தில் வேலை ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு கேபிளைப் பிடுங்கிப் பார்த்தது கடைசியாக எப்போது? எத்தனை விநாடியில் மற்ற பாதைக்கு மாறியது? கீழே எழுதுங்கள். இதுவரை செய்யாதவர்கள் மேலதிகாரியிடம் அனுமதி வாங்கிவிட்டுப் பிடுங்குங்கள். சார் சொன்னார் என்று என் பெயரை இழுக்க வேண்டாம்.