மொட்டை மலை என்று யார் சொன்னது?

போன வாரம் வாட்ஸ்அப்பில் ஓர் அழைப்பு. நீலகிரியில் ‘சும்மா கிடக்கும்’ ஒரு மலைச்சரிவில் மரக்கன்று நடப் போகிறார்களாம். டி-ஷர்ட், மதியச் சாப்பாடு, சான்றிதழ் எல்லாம் உண்டாம். கூடவே ஒரு படம்: இடுப்பளவு புல், மலை மடிப்பில் கரும்பச்சையாகச் சோலை, மேலே மேகம். இதில் எது சும்மா கிடக்கிறது?

நம் ஊரில் மரம் என்றால் புண்ணியம். புல் என்றால் தரிசு. அப்படிக் கணக்கு எழுதிய வெள்ளைக்காரன் கப்பலேறிவிட்டான். கணக்கை மட்டும் நாம் பத்திரமாக வைத்திருக்கிறோம்.

மேல்மலையில் சோலையும் புல்வெளியும் சேர்ந்ததுதான் காடு. ஈரம் நிற்கும் மடிப்புகளில் சோலை; காற்று அறையும் வெளியில் புல். ஜனவரி உறைபனியில் அந்த வெளியில் முளைக்கும் சோலைக் கன்று கருகிவிடும். மரத்தை வெட்டியதால் வந்த புல் என்பார் உண்டு. நீலகிரிச் சதுப்பு மண்ணைத் தோண்டி ஆராய்ந்ததில், 20,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்கே புல் இருந்தது தெரிந்துவிட்டது. அப்போது கோடரி பிடித்தது யாராம்?

நம்பிக்கை இல்லையென்றால் வரையாட்டைக் கேளுங்கள். நம் மாநில விலங்கு அது. மேய்வது புல்வெளியில், சிறுத்தை வந்தால் ஓடி ஏறுவது பாறையில். மலை மொட்டை என்றால் இத்தனை காலம் வரையாடு எதைத் தின்றது, காற்றையா? 2022-ல் வரையாட்டைக் காக்க அரசு 25 கோடி ரூபாய்த் திட்டம் அறிவித்தது. நாமோ அதன் சாப்பாட்டுத் தட்டில் கன்று நட்டுப் படம் எடுத்துக்கொள்கிறோம்.

சீகை எனும் வாட்டில் மரத்தையும் கற்பூர மரம் எனும் யூகலிப்டஸையும் வெள்ளைக்காரர்கள் இப்படித்தான் நட்டார்கள். தோல் பதனிடப் பட்டை, ஆலைக்குக் கூழ் என்று சுதந்திர இந்தியாவும் ஏக்கர் ஏக்கராக நட்டது. இன்று அதே சீகையைப் பிடுங்கச் சொல்லி உயர்நீதிமன்றம் உத்தரவிடுகிறது. ஒன்றை வெட்டினால், மண்ணில் வருஷக்கணக்காகக் கிடந்த விதையெல்லாம் முளைத்து எழுகிறது. அந்தப் புதருக்குள் வரையாட்டுக்கு என்ன வேலை?

புல்லுக்கு அடியிலுள்ள கரிய மண் மழையைக் குடித்துவைத்து, கோடையில் சிறுகச் சிறுக ஓடைக்கு விடுகிறது. பைக்காராவும் பவானியும் பிறப்பது இந்த மேட்டில்தான். “மரம் வளர்ப்போம், மழை பெறுவோம்” என்று லாரிக்குப் பின்னால் எழுதிவைத்ததைத் தாண்டி நாம் எதைப் படித்தோம்? மே மாதம் ஊட்டி விடுதியில் தண்ணீர் வரவில்லை என்று சண்டை போடுகிறவரும் நாம்தான். கன்று வந்த பிளாஸ்டிக் பையைச் சரிவிலேயே வீசிவிட்டு இறங்குகிறவரும் நாம்தான்.

கை அரித்தால் உங்கள் தெருவில் நடுங்கள். சாலையை அகலப்படுத்த வெட்டிய புளியமரங்களுக்குப் பதிலாக அங்கே இன்னும் ஒரு கன்றும் வைக்கவில்லை. அதற்கு டி-ஷர்ட் கிடைக்காது, அவ்வளவுதான்.