செத்த மீன் யாருடைய கண்டத்தை வாங்கியது?

“மீன் செத்துப்போச்சா? கவலைப்படாதே. வீட்டுக்கு வர இருந்த கண்டத்தை அது வாங்கிக்கிச்சு.” மங்கலம்பேட்டையிலிருந்து சென்னை கொளத்தூர் வரை, வாஸ்து மீன் என்று அரோவானா வாங்கி வைத்தவர்களுக்கு இந்த ஆறுதல் பழக்கமானது. பெரும்பாலும் பக்கத்து வீட்டுப் பெரியம்மா சொல்வார். சில சமயம் மீன் விற்றவரே சொல்வார். அவர் சொன்னால், புதுச் சரக்கு வந்திருக்கும் சேதியும் கூடவே வரும்.

ஆசைக்கு நாலு கப்பி, மோலி வளர்ப்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. என் சண்டை இந்த ஆறுதலோடுதான். மீன் உயிரோடிருந்தால் அதனால் வியாபாரம் நடக்கிறது. செத்தால் அதனால் ஆபத்து விலகியது. எப்படிப் பார்த்தாலும் மீனுக்கே வெற்றி. தோற்கவே முடியாத இந்த நம்பிக்கை ஒரே ஒரு கேள்வியைக் கேட்கவிடாமல் செய்கிறது: மீன் ஏன் செத்தது?

பதில் பெரும்பாலும் தண்ணீரில் இருக்கிறது. மீன் தன் கழிவைச் செவுள் வழியாக அம்மோனியாவாக வெளியேற்றுகிறது. ஆற்றில் அது கரைந்து போய்விடும். தொட்டியில் போக வழியில்லை. ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாகவும், இன்னொரு வகை நைட்ரேட்டாகவும் மாற்றினால்தான் மீன் பிழைக்கும். புதுத் தொட்டியில் இந்த பாக்டீரியாக்கள் குடியேறி நிலைபெற ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். நம்மவர்களோ காலையில் தொட்டி, மாலையில் மீன் என்று நல்ல நேரம் பார்த்து இறக்குகிறார்கள். ஃபில்டருக்குள் போடும் செராமிக் வளையம் இந்த பாக்டீரியாக்களின் வீடு. பீங்கான் தொழில் செய்யும் விருத்தாசலத்துக்காரர்களுக்கு நுண்துளையைப் பற்றி நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை: மெருகு பூசாத சுட்ட மண்ணின் துளைகளுக்குள்தான் அவை ஒட்டி வாழ்கின்றன. அந்த வளையத்தைக் குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் பளபளவென்று கழுவி, தொட்டித் தண்ணீர் முழுவதையும் மாற்றினால், பாக்டீரியா அழிந்து அம்மோனியா ஏறும். இரண்டு நாளில் மீன் வாய் பிளந்து மேலே மிதக்கும். வீட்டில் கண்டம் கழிந்ததாகச் சூடம் ஏற்றுவார்கள்.

அடுத்த கதை, ‘தொட்டி அளவுக்குத்தான் மீன் வளரும்’ என்பது. கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் வைக்கும் வழக்கமான தொட்டியை ஒரு டேப் வைத்து அளந்து பாருங்கள். மூன்றடி நீளம், ஓரடி அகலம், ஒன்றரை அடி உயரம். விளிம்பு வரை நிரப்பினாலும் 127 லிட்டர்தான் கொள்ளும். விரல் நீளத்தில் வாங்கி வரும் சில்வர் அரோவானா, ஒழுங்காகத் தின்றால் இரண்டடியைத் தாண்டும். அமேசானில் மூன்றடி வரை வளரும். வெள்ளம் புகுந்த காட்டில், தண்ணீருக்கு மேலே தாழ்ந்த கிளையில் இருக்கும் வண்டை எகிறிப் பிடிக்கும் மீன் அது. அப்படிப்பட்டது ஓரடி அகலத்தில் திரும்ப வேண்டுமென்றால் வில்லாக வளைந்தாக வேண்டும். மூக்கு ஒரு கண்ணாடியில் உரசும், வால் எதிர்க் கண்ணாடியில் மடங்கும். ‘பாருங்க, நம்மளைப் பார்த்து ஆடுது’ என்பார் கடைக்காரர்.

சின்னத் தொட்டியில் வளர்ச்சி மட்டுப்படுவது உண்மைதான். அழுக்குத் தண்ணீரும் நெருக்கடியும் சேர்ந்து ஒடுக்குவதால் வரும் குறை அது. முதுகெலும்பு வளையும், நோய் எளிதில் தொற்றும், பத்து வருடத்துக்கு மேல் வாழக்கூடிய மீன் இரண்டு மூன்று வருடத்தில் போய்விடும். இதை இயற்கையின் ஏற்பாடு என்று சொல்வது, குழந்தைக்குச் சின்னச் செருப்பு மாட்டிவிட்டு, கால் வளரவில்லை என்று மகிழ்வதைப் போன்றது. செந்நிற வாலோடு அழகாக இருக்கும் ரெட்டெயில் கெளுத்தியின் கதை இன்னும் மோசம். நான்கு அங்குலத்தில் விற்கிறார்கள். முழு வளர்ச்சியில் அது ஒரு மீட்டரைத் தாண்டும்.

‘நம் முன்னோர் சொன்னது’ என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சில்வர் அரோவானா தென் அமெரிக்க மீன். ஆசிய அரோவானா மலேசியா, இந்தோனேசியா பக்கத்தது. அதன் செதிலையும் மீசையையும் பார்த்து டிராகன் என்று கொண்டாடியவர்கள் சீனர்கள். தலையில் புடைப்போடு வரும் ஃபிளவர்ஹார்ன், 1990களில் மலேசியாவில் கலப்பினமாக உருவாக்கப்பட்டது. இதில் எந்த முன்னோர் எங்கே வந்தார்?

“நம்பிக்கைதானே, யாருக்கு என்ன நஷ்டம்?” என்று கேட்பவர்கள் ஏரிப்பக்கம் வர வேண்டும். சாகாமல் வளர்ந்துவிட்ட மீனைக் கொல்ல மனசு வராது. ‘புண்ணியமாப் போகட்டும்’ என்று ஏரியிலோ கோயில் குளத்திலோ விடுவார்கள். டேங்க் கிளீனர் என்று விற்கப்பட்ட முள்தோல் கெளுத்தி இப்படித்தான் சென்னை ஏரிகளுக்குள் புகுந்து, மீனவர் வலையைக் கிழிக்கிறது. 2018 ஆகஸ்ட் வெள்ளத்துக்குப் பிறகு கேரளத்தின் சாலக்குடி ஆற்றில் அரபைமா, அலிகேட்டர் கார் என்ற அயல்நாட்டுப் பெரிய மீன்கள் பிடிபட்டன. வளர்ப்பிடங்களிலிருந்து வெள்ளத்தோடு தப்பியவை. 2023 மே மாதம் ஸ்ரீநகர் தால் ஏரியிலும் ஓர் அலிகேட்டர் கார் சிக்கியது. நம் ஏரி நிரம்பினால் கலிங்கு வழியே வாய்க்கால், வாய்க்காலிலிருந்து ஆறு. விருத்தாசலத்தைத் தாண்டும் மணிமுத்தாறு வெள்ளாற்றில் கலக்கிறது. ஒருவர் வீட்டுப் புண்ணியம் போய்ச் சேரும் தூரம் அவ்வளவு. அங்கே கெண்டையும் விராலும் பிடித்துப் பிழைப்பவர்களுக்கு யார் பரிகாரம் சொல்வது?

ஆசிய அரோவானா வைத்திருப்பவர்கள் இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். அது, அழிவின் விளிம்பில் உள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் உள்ள இனம். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 2022இல் வந்த திருத்தமும் 2024 விதிகளும் இத்தகைய உயிரினங்களை வைத்திருப்பவர் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும் என்கின்றன. வாஸ்து பார்த்துத் தொட்டி வைத்தவர்கள் இதைக் கேட்டுத் தெரிந்துகொண்டார்களா என்று தெரியவில்லை.

ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா? ஏரியில் விடாதீர்கள். பெரிய தொட்டியோ சிமெண்ட் தொட்டியோ கட்ட இடமும் வசதியும் இருந்தால் கட்டுங்கள். இல்லையென்றால் விற்ற கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். காசு வராவிட்டாலும் கொடுங்கள். இனிமேல்தான் வாங்கப் போகிறீர்கள் என்றால், கடைக்காரரிடம் ராசியைக் கேட்காதீர்கள். முழுசாக வளர்ந்தால் எத்தனை அடி என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் வெறுங்கையோடு வீட்டுக்கு வாருங்கள்.