பெயரை மறைத்தால் போதுமா?

மருத்துவர்கள் தமிழில் எழுதுவதை நாம் வரவேற்கிறோம். நோயைப் பற்றி எளிய தமிழில் எடுத்துரைக்க அவர்களினும் தகுதியுடையார் யாவர்? ஆயினும் அண்மைக் காலமாக அவர்தம் எழுத்திலே நோய் குறைந்து, நோயாளி மிகுந்து வருகிறார். சுவையாகவே எழுதுகிறார்கள், மறுப்பதற்கில்லை. 'பெயரை மாற்றியிருக்கிறேன்' என்ற ஒற்றை வரியோடு தம் கடமை தீர்ந்தது என்றும் எண்ணிவிடுகிறார்கள். இங்கேதான் நாம் மாறுபடுகிறோம்.

சட்டம் அவர்கள் பக்கம் சற்றே சாய்ந்து நிற்கிறது. நோயாளியின் அடையாளம் புலப்படும் வகையில் படமோ நோய்க்குறிப்போ வெளியிட அவரது இசைவு வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டின் இந்திய மருத்துவக் கழக நெறிமுறை. அடையாளம் வெளிப்படாதாயின் இசைவு வேண்டா என்பதும் அதே நெறிமுறைதான். வெளிப்படாது என்று முடிவு செய்பவர் யார்? எழுதுகிற மருத்துவரே! 2023 ஆகஸ்டில் வந்த புதிய விதிகளோ அம்மாதமே நிறுத்தி வைக்கப்பட்டன.

1998இல் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பொன்றை நினைவூட்டுகிறோம். எச்.ஐ.வி. சோதனையின் முடிவை மருத்துவமனை வெளியிட்டதால் திருமணம் நின்று, சுற்றத்தாரால் ஒதுக்கப்பட்டு, வாழ்ந்த ஊரையும் விட்டகன்ற ஒருவர் தொடுத்த வழக்கு அது. மணமகளின் நலன் காக்க வெளியிட்டது தவறன்று என்றது நீதிமன்றம். அம்முடிவோடு நமக்குப் பிணக்கில்லை. தீர்ப்பில் அவர் பெயர் 'எக்ஸ்'. ஆனால் அவர் பயின்ற இடம், பார்த்த பணி, சென்னைக்கு வந்த காரணம் யாவும் அதிலேயே வரிசையாக உள்ளன. (அவற்றை ஈண்டு நாம் எடுத்தெழுதப் போவதில்லை.) அவருடைய ஊரார்க்குப் பெயரும் வேண்டுமோ?

பிற மாநிலத்தில் வாழும் நமக்கு இது இன்னும் நெருங்கிய செய்தி. ஒரு குடியிருப்பில் நூறு தமிழ்க் குடும்பங்கள் இருந்தால், தமிழறிந்த மருத்துவர் ஒருவரோ இருவரோ இருப்பர். தாய்மொழியில் வலியைச் சொல்லலாம் என்பதற்காகவே நம் பெண்கள் அவரை நாடிச் செல்கின்றனர். 'கணவர் வங்கியில் பணிபுரிகிறார், மூன்று பெண்மக்கள், தஞ்சைப் பக்கத்தவர்' என்று அவர் எழுதிவிட்டால், கோயிலிலும் சங்கக் கூட்டத்திலும் அறியாதார் யார்? அடுத்த முறை அந்த அம்மையார் நோயை மறைப்பார். அன்றி, அரைகுறை இந்தியில் வேறொரு மருத்துவரிடம் சொல்லித் தடுமாறுவார்.

இசைவு கேட்டால் மறுப்பாரே என்பர். மறுக்கட்டுமே! நம் மலர்க்குழுவினரும் மருத்துவர் கட்டுரை எதனையும், அதில் வரும் நோயாளி படித்துப் பார்த்து எழுத்தில் இசைந்த பின்னரே அச்சுக்கு அனுப்புதல் வேண்டும்.