ஆறு மீட்டர் வழி



கோட்டை கட்டிய மன்னன் அகழி வெட்டினான். அகழி வெட்டியவன் அதன்மீது பாலமும் அமைத்தான். பகைவனைத் தடுக்க அகழி; நண்பன் வந்து சேரப் பாலம். திருப்பூரிலே உழைப்பால் எழுந்து நிற்கும் பனியன் கோட்டைகளைச் சற்றே பார். அங்கும் அகழி இருக்கிறது. தண்ணீர் அகழியன்று, தகர அகழி! ஈருருளிகள் ஐந்நூறு, கார்கள் இருபது, நூல் மூட்டை இறக்கும் லாரி ஒன்று, சரக்கேற்றக் காத்திருக்கும் கண்டெய்னர் ஒன்று, இவற்றுக்கிடையே ஊசி நுழைய இடம் தேடும் 'குட்டி யானை' வண்டிகள். இப்படி நாற்புறமும் சூழ்ந்த அகழிக்குப் பாலம் எங்கே, தோழா? நெருப்பு என்னும் பகைவன் வெளியிலிருந்து வருபவனல்லன், கோட்டைக்குள்ளேயே பிறப்பவன். அவனை அடக்க வரும் நண்பன்தான் வெளியே நின்று மணியடித்துக் கொண்டிருக்கிறான்!

மிகைப்படுத்துகிறேன் என்கிறாயா? 2023ஆம் ஆண்டு ஜூன் திங்களில், ஓர் இரவு, காதர்பேட்டைப் பனியன் சந்தையிலே தீ எழுந்தது. ஏறத்தாழ 50 கடைகள் எரிந்து அழிந்தன. பகலெல்லாம் பேரம் பேசிய இடத்திலே விடியும்போது சாம்பல் பேசிற்று. இரவில் நேர்ந்த தீ அது. அதே தெருக்களில், வெளியூர் வியாபாரிகள் மூட்டை கட்டும் நண்பகல் வேளையில், ஒருமுறை நடந்து பார். நீ நடப்பதற்கே தோளைச் சாய்க்க வேண்டும். அந்த நேரத்தில் ஒரு பொறி விழுந்தால்? எண்ணிப் பார்க்கவே நெஞ்சு நடுங்குகிறதல்லவா? நடுங்கட்டும், நடுங்கிய நெஞ்சுதான் நாளைக்கு விழித்திருக்கும்.

பஞ்சின் இயல்பை அறியாதவனா நீ? நிட்டிங் எந்திரத்தடியில் படியும் தூசு, கட்டிங் மேசைக்கடியில் குவியும் வெட்டுத் துண்டு, செக்கிங் முடிந்து கட்டிய பண்டல், பாலித்தீன் உறை, அட்டைப்பெட்டி இவையெல்லாம் தீக்குத் தீனி. ஒரு வெட்டுத் துண்டு மூட்டையில் பற்றிய நெருப்பு, முதல் சில நிமிடங்களில் ஒரு வாளித் தண்ணீருக்கு அடங்கும். பிறகு ஒரு வண்டித் தண்ணீர் கேட்கும். அதன் பிறகு நொய்யலே பெருக்கெடுத்து வந்தாலும் போதாது என்று சிரிக்கும். நிமிடங்களே அங்கு நீதிபதிகள். அந்த நிமிடங்களைத்தான், 'இதோ அஞ்சு நிமிசத்துல எடுத்துடறேனுங்க' என்று சொல்லிவிட்டுக் குறுக்கே வண்டியை நிறுத்திப் போனவன் திருடிக்கொண்டு போகிறான்!

நான் கட்டடக் கலை கற்றவனல்லன். கல்லூரிப் படிப்பையே பாதியில் விட்டவன். மேடையும் நாடகமும் எனக்குப் பள்ளிக்கூடம். ஆனால் நாடகக்காரனுக்கு ஒன்று தெரியும். வரவேண்டிய பாத்திரம் வரவேண்டிய நேரத்தில் மேடைக்கு வராவிட்டால் காட்சி கெடும். தீயணைப்பு வீரன் வரவேண்டிய நேரத்தில் வராவிட்டால் கெடுவது காட்சியன்று, குடும்பம்.

சட்டம் என்ன சொல்கிறது? 2016ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு உயரமான கட்டடங்களுக்கு வகுத்துள்ள கணக்கைக் கேள். கட்டடத்தைச் சுற்றி 6 மீட்டர் திறந்த வெளி. நுழைவாயில் தீயணைப்பு வண்டி தடையின்றி நுழையும் அகலம். வாயிலுக்கு மேலே வளைவோ கூரையோ இருப்பின் வண்டி நுழையப் போதிய உயரம் தடையின்றி இருத்தல். வண்டி திரும்ப 9 மீட்டர் ஆரம். 45 டன் வரை எடையுள்ள தீயணைப்பு வண்டியைத் தாங்கும் கெட்டியான தரை. எழுத்தெண்ணி எழுதப்பட்ட விதி இது.

'வண்டியின் அகலமே இரண்டரை மீட்டர்தானே, ஆறு மீட்டர் எதற்கு?' என்று கேட்பார் உண்டு. கேள்வி நியாயமானது, விடையைக் கேள். வண்டி வந்து நின்றவுடன் வேலை முடிவதில்லை, அப்போதுதான் தொடங்குகிறது. இருபுறமும் கதவு திறக்க வேண்டும். பக்கவாட்டிலிருந்து குழாய்களை இழுத்து ஓட வேண்டும். உயர ஏணி வண்டியானால், இருபக்கமும் இரும்புக் கால்களை நீட்டித் தரையில் ஊன்றிய பிறகே ஏணி மேலெழும். கால் ஊன்ற இடமில்லையேல் ஏணி இருந்தும் இல்லாததே. முதல் வண்டியின் தண்ணீர் தீர்ந்தால், அதைக் கடந்து இரண்டாவது வண்டி முன்னே வர வேண்டும். ஆறு மீட்டர் என்பது ஆடம்பரமன்று, உயிரின் அளவு!

ஒன்றைக் கவனித்தாயா? அந்தக் கணக்கு, உயர்ந்த கட்டடங்களை எண்ணி வகுத்தது. சந்துக்குள் இரண்டு மாடியில் இயங்கும் பனியன் கம்பெனி, 'நான் உயரமில்லை, எனக்கு அந்த அளவு இல்லை' என்று சொல்லக்கூடும். தீ மாடிகளை எண்ணிப் பார்த்துவிட்டா வருகிறது?

உலகம் இந்தப் பாடத்தை எத்தனை விலை கொடுத்துக் கற்றது, கேள். 1997 ஜூன் 13. டில்லியின் உப்ஹார் திரையரங்கு. தரைத்தளத்தில் வண்டிகள் நிறுத்துமிடம். அதை ஒட்டி மின்மாற்றி. மின்மாற்றியில் எழுந்த தீ வண்டிகளைப் பற்றியது; புகை மேலேறிற்று; படம் பார்க்க வந்தவர்களில் 59 பேர் மாண்டனர். 2011 டிசம்பர் 9. கொல்கத்தாவின் ஒரு பெரிய மருத்துவமனை. கார் நிறுத்தவென்று அனுமதி பெற்ற அடித்தளம், பண்டகசாலையாக மாறியிருந்தது. அங்கே தொடங்கிய தீயின் புகை, படுக்கையிலிருந்து எழ முடியாத நோயாளிகளைத் தேடிச் சென்றது. ஏறத்தாழ 90 உயிர்கள்! தாளில் எழுதிய இடம் ஒன்று, தரையில் இருந்த இடம் வேறு. இந்த இரண்டுக்கும் இடையில் உள்ள தூரத்தில்தான் சுடுகாடு இருக்கிறது.

இன்னும் ஒன்று; இது நம் வாயிற்படிக்கு மிக நெருங்கியது. 2017 டிசம்பர் 21, தென்கொரியாவின் சேச்சோன் நகரம். எட்டு மாடிக் கட்டடத்தின் தரைத்தள வண்டி நிறுத்துமிடத்தில் தீ தொடங்கிற்று. ஏணி வண்டி விரைந்து வந்தது. ஆனால் தெருவில் விதிமீறி நிறுத்தப்பட்டிருந்த கார்கள் வழியை அடைத்தன. 29 பேர் மாண்டனர். அந்த நாடு கண்ணீர் விட்டதோடு நிற்கவில்லை. மறு ஆண்டே, 2018இல், பெரிய அடுக்ககங்களில் தீயணைப்பு வண்டிக்கென்று தனி இடம் குறிக்க வேண்டும், அதை மறிப்பவருக்குப் பத்து லட்சம் வொன் வரை அபராதம் என்று சட்டம் செய்தது. அழுத கண்ணைத் துடைத்துக்கொண்டு தரையில் கோடு போட்டது அந்த நாடு. நாம் அழாமலே போடக்கூடாதா, தோழா?

இப்போது நம் ஊர்க் கம்பெனிக்குள் நுழைவோம். ஏற்றுமதி ஆலையின் தையல் கூடத்தில் தரையெங்கும் மஞ்சள் கோடு, அம்புக்குறி, 'அவசர வழி' என்று ஒளிரும் பலகை. யாருக்காக? வெளிநாட்டு வாங்குவோர் அனுப்பும் ஆடிட் அதிகாரிக்காக. 2012 நவம்பரில் வங்கதேசத்துத் தஸ்ரீன் ஆலைத் தீயில் 110க்கும் மேற்பட்ட தொழிலாளர் மாண்டனர். 2013 ஏப்ரலில் ராணா பிளாசா இடிந்து 1,100க்கும் மேற்பட்டோர் புதைந்தனர். அதையடுத்த மே திங்களில்தான் பெரு நிறுவனங்கள் பாதுகாப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அந்தச் சாம்பலின் மீதும் இடிபாட்டின் மீதும் இறுக்கப்பட்டவை இந்தக் கோடுகளுக்கான விதிகள், நன்று, வரவேற்கிறேன்.

ஆனால் அந்த மஞ்சள் கோட்டைப் பின்பற்றி நட. தையல் மேசைகளைத் தாண்டி, படியிறங்கி, வாசல் வரை வருகிறது. வாசலில்? முடிந்துவிடுகிறது! வெளியே வந்தால் வண்டிகளின் காடு. உள்ளே இருப்பவன் தப்பி வர வழி குறித்தோம். அவனைக் காக்க வருபவன் உள்ளே செல்ல வழி குறித்தோமா? அரை வழி போட்டுவிட்டு முழு உயிரைக் கேட்கலாமா?

'சதுர அடி என்ன விலை தெரியுமா?' என்கிறார் முதலாளி. தெரியும் ஐயா! ஒரே இரவில் எரிந்த சரக்கின் விலையும் தெரியும். 'என் வண்டியை நான் எங்கே நிறுத்துவது?' என்கிறார் ஷிப்டுக்கு ஓடிவரும் தொழிலாளி. அவர் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆயிரம் பேரை வேலைக்கு அழைத்தவர் அவர்களது வண்டிக்கும் இடம் வகுத்திருக்க வேண்டும். இடம் வகுக்காமல் கோடு மட்டும் வரைந்தால் அது கோடன்று, கண்துடைப்பு. 'விதி இருக்கிறதே' என்கிறார் அதிகாரி. ஆம், இருக்கிறது, கோப்பிலே நிம்மதியாக உறங்குகிறது!

பிறரை நோக்கி விரல் நீட்டுமுன் என்னை நோக்கி நீட்டிக்கொள்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சிற்றூரில் நமது பொதுக்கூட்டம். தெருவின் அகலம் முழுவதும் மேடை. இருமருங்கும் வரவேற்பு வளைவுகள். நான் உழைப்பவனின் உரிமையை முழங்கிக் கொண்டிருந்தேன். மேடைக்குப் பின்னால் மணியோசை. கைதட்டலில் அது எனக்குக் கேட்கவில்லை. தீயணைப்பு வண்டி பின்னோக்கிச் சென்று ஊரைச் சுற்றிக்கொண்டு போனது. ஒரு தையற்கடை எரிந்து போயிற்று. மறுநாள் கடைக்காரரைக் காணச் சென்றேன். கரிந்த எந்திரத்தின் அருகே நின்றவர், 'நேத்து நல்லாப் பேசுனீங்க தம்பி. நானும் கூட்டத்துலதான் உக்காந்திருந்தேனுங்க' என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அன்று தலை குனிந்தவன் நான். இந்த எழுத்து அந்தத் தலைகுனிவின் எழுத்து.

ஆகவே, செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். கோடு, வாயிலிலிருந்து கட்டடத்தைச் சுற்றி முழுமையாகச் செல்லட்டும்; திருப்பங்களில் விட்டுப் போகக்கூடாது. இரவிலும் ஒளிரும் வண்ணத்தில், 'தீயணைப்பு வண்டி வழி, நிறுத்தாதீர்' என்று தமிழில் எழுதுக. வடபுலத்திலிருந்து வந்து நம்முடன் உழைப்பவருக்கும், எழுத்தறியாதவருக்கும் புரியப் படமும் வரைக. கோடு வரைவது ஒரு நாள் வேலை. அதைக் காப்பது 365 நாள் வேலை. லாரிச் சக்கரமும் கோடை வெயிலும் அதை அழிக்கும். அழியுமுன் மீண்டும் பூசுக. கோட்டின்மேல் ஊர்ந்து வரும் தகரக் கொட்டகையை, வேஸ்ட் மூட்டையை, தாழத் தொங்கும் கம்பியை ஒவ்வொரு வாரமும் அகற்றுக. அந்த வழியின் அடியில் தண்ணீர்த் தொட்டியோ கழிவுத் தொட்டியோ இருந்தால், அதன் மூடி வண்டியைத் தாங்குமா என்று பொறியாளரைக் கேளுங்கள். வாயிற்காவலரிடம் சாவியும் அதிகாரமும் சேர்ந்து இருக்கட்டும். முதலாளியின் காரையே 'எடுங்கள் ஐயா' என்று சொல்லும் அதிகாரம்! ஆண்டுக்கொரு முறை, தீபாவளிச் சரக்கு நெருக்கும் அந்தப் பரபரப்பு நாளிலே, தீயணைப்பு நிலையத்தாரை அழைத்து உண்மையான வண்டியை உள்ளே ஓட்டிப் பாருங்கள். வண்டி நுழைந்தால் வழி. நுழையாவிட்டால் அது வெறும் வண்ணம்.

தோழா, உனக்கும் ஒரு வேலை உண்டு. இனி நமது கூட்டம் எங்கு நடந்தாலும், மேடைக்கு அருகே 6 மீட்டர் வழியை முதலில் அள. பிறகு கம்பம் நடு. அதனால் வளைவு ஒன்று குறையலாம், குறையட்டும். இந்த நகரில்தான் 1932 ஜனவரியில் ஓர் இளைஞன் தடியடி பட்டும் கொடியைக் கீழே விடாமல் உயிர் கொடுத்தான். கொடி காத்த குமரனின் ஊரிலே ஒரு கோட்டைக் காக்க நம்மால் முடியாதா? உயிரைக் கொடு என்று இன்று எவரும் கேட்கவில்லை. வண்டியை நான்கடி தள்ளி நிறுத்து என்றுதான் கேட்கிறோம்.

நாளைக் காலை வேலைக்குச் செல்கையில் உன் கம்பெனி வாசலில் ஒரு நொடி நில். காலடியில் கோடு இருக்கிறதா பார். இல்லையேல் கேள். இருந்து, அதன்மேல் உன் வண்டி நின்றால், யாரும் கேட்குமுன் நகர்த்து!