பாட்டியின் பெயரைத் தேய்த்தது யார்?

தீபாவளிக்கு முந்திய வாரம் எங்கள் ஃபேரர் பார்க் வீட்டில் வெள்ளி துலக்குவது என் வேலை. இம்முறை குங்குமச் சிமிழைத் திருப்பிப் பார்த்துத் திடுக்கிட்டேன். சிராங்கூன் சாலைப் பொற்கொல்லரிடம் பாட்டி பொறித்து வாங்கிய பெயரில் முதல் இரண்டு எழுத்துகளைப் படிக்கவே முடியவில்லை.

குற்றவாளி நான்தான். ஆண்டுதோறும் பற்பசை போட்டுத் தேய்த்தேனே! அதிலுள்ள துகள்கள் வெள்ளியையே சுரண்டிவிடும்.

வெள்ளி கறுப்பது அழுக்கால் அல்ல. காற்றிலுள்ள கந்தக வாயு வெள்ளியோடு சேர்ந்து சில்வர் சல்ஃபைடு ஆகிறது. ஈரப்பதம் அதை விரைவுபடுத்தும். நம் ஊரிலோ ஆண்டுச் சராசரி ஈரப்பதமே 80 விழுக்காட்டுக்கு மேல்! செய்தித்தாள், ரப்பர் பேண்ட், கம்பளி ஆகியவையும் வெள்ளியைக் கறுக்க வைக்கும். நான் சிமிழைச் சுற்றி வைத்ததோ செய்தித்தாளில். மேலே ரப்பர் பேண்ட் வேறு.

தேய்க்காமலே கறுப்பைப் போக்கலாம். பாத்திரத்தில் அலுமினியத் தாளை விரித்து, அதைத் தொடும்படி வெள்ளியை வைத்து, சமையல் சோடா தூவிக் கொதிநீர் ஊற்றுங்கள். கந்தகம் அலுமினியத்துக்கு மாறிவிடும், வெள்ளி குறையாது. கல் பதித்தவை, அழகுக்காகக் கறுப்பேற்றியவை மட்டும் வேண்டாம்.

பிறகு கழுவி, ஈரமில்லாமல் துடைத்து, பருத்தித் துணியில் சுற்றி, சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் காற்றுப் புகாத பையில் வையுங்கள்.

தினமும் புழங்கும் வெள்ளி அவ்வளவாகக் கறுக்காது. அதனால் பாட்டியின் சிமிழைப் பையில் போடவில்லை. அம்மா தினமும் அதில்தான் குங்குமம் எடுக்கிறார். மீதி எழுத்துகளாவது என் மகள் படிக்க இருக்கட்டும்.