ஆப்பிரிக்க ஒற்றுமையும் திருப்பூர் பனியனும்

திருப்பூர் காதர்பேட்டைக்குப் பனியன் வாங்க நைஜீரிய வியாபாரிகள் வருகின்றார்கள். பணத்தை எண்ணி வாங்கும்போது அவர்களை "வாருங்கள்" என்கின்ற நம்மவரில் சிலர், அவர்களே குடியிருக்க வீடு கேட்டால் "கறுப்பருக்கு இல்லை" என்கின்றார்கள். பிறவியால் தாழ்த்துவது ஜாதி ஆணவமென்றால், தோலால் தாழ்த்துவது வேறு என்ன? கோயில் நுழைவுத் தீர்மானத்தைப் பார்ப்பனர் எதிர்த்தது கண்டு 1922-இல் பெரியார் கொதித்தெழுந்ததும் இதே திருப்பூர் மாநாட்டில்தான் என்பதை நம்மவர் மறந்துவிட்டனர் போலும்!

"அவர்கள் முன்னேறத் தெரியாதவர்கள்" என்று இவர்கள் சொல்லும் சமாதானமும் பொய்யாகும். 1884-85-இல் பெர்லினில் கூடிய வல்லரசுகள், ஓர் ஆப்பிரிக்கரையும் அழைக்காமலே அக்கண்டத்தைப் பங்கிட விதி வகுத்தன. அன்றுமுதல் ஒரே ஜனங்கள் பல எல்லைகளுக்குள் பிரிந்தார்கள். பருத்தி வெளியே போவதும் துணி உள்ளே வருவதுமே அவர்கள் வியாபாரமாயிற்று. இது தலைவிதியல்ல; மனிதன் செய்த ஏற்பாடு. ஆதலால் மனிதனே மாற்றலாம்.

மாற்றவும் முயல்கின்றார்கள். 1963-இல் அடிஸ் அபாபாவில் ஆப்பிரிக்க ஒற்றுமை நிறுவனம் பிறந்தது; 2002-இல் அது ஆப்பிரிக்க ஒன்றியமாயிற்று. மாலி, பெனின், சாட், புர்கினா பாசோ ஆகிய நான்கும் 2003-இல் ஒன்றுகூடி, பணக்கார தேசங்கள் தம் பருத்திக்குக் கொடுக்கும் மானியத்தை உலக வர்த்தக நிறுவனத்தில் எதிர்த்தன. கண்டம் முழுமைக்குமான சுதந்திர வர்த்தக ஒப்பந்தத்தின்கீழ் 2021 ஜனவரி முதல் வியாபாரம் தொடங்கிற்று.

ஆனால் அரசர்களும் அதிகாரிகளும் கூடிக் கையெழுத்திடுவது மட்டும் ஒற்றுமையாகிவிடாது. மாலியில் 2020-இலும், புர்கினா பாசோவில் 2022-இலும், நைஜரில் 2023-இலும் பட்டாளம் ஆட்சியைப் பிடித்தது. அம்மூன்றும் 2025 ஜனவரியில் மேற்கு ஆப்பிரிக்கக் கூட்டமைப்பைவிட்டே விலகின. ஜனங்களைக் கேளாமல் ஆள்பவன், ஜனங்களைக் கேளாமலே பிரிந்தும் போவான். குடிமகனுக்கு வோட்டும் உழைப்பாளிக்குத் தக்க கூலியும் இல்லாத ஒற்றுமை வெறும் காகிதமே.

"அவர்களே பருத்தியை நூற்றுப் பனியன் தைத்துக்கொண்டால் நம் கதி என்ன?" என்று முதலாளிகள் கேட்கலாம். மான்செஸ்டர் முதலாளிகளும் நம்மைப் பற்றி ஒரு காலத்தில் இப்படித்தான் கவலைப்பட்டார்கள். அன்று அவர்களுக்கு நாம் சொன்ன பதிலை இன்று நாமே விழுங்கிவிடலாமா? மேலும், காசில்லாதவன் கழிவுச் சரக்கைத்தான் கேட்பான். கையில் காசுள்ளவன் நல்ல சரக்கைக் கேட்பான். பிறன் வறுமையை முதலாகப் போட்டு நடத்தும் வியாபாரம் சுயமரியாதைக்காரனுக்கு ஏற்றதல்ல. ஆப்பிரிக்கர் எழுவது நமக்கு நஷ்டமல்ல. அவர்களைத் தாழ்வாக நினைப்பதே நமக்கு இழிவு என்று தோழர்கள் ஊர்தோறும் எடுத்துச் சொல்லவேண்டும்.