பாட்டில் கழுவியவனின் கண்

'ஆராய்ச்சிக்கெல்லாம் தகுதி வேணும்பா' என்பவர்களிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள், தோழர்களே.

நியூயார்க், கொலம்பியா பல்கலைக்கழகம். தாமஸ் ஹன்ட் மார்கனின் 'ஈ அறை'. எட்டு மேசை, பாட்டில்களில் பழ ஈக்கள், வாழைப்பழ நாத்தம். அங்கே பாட்டில் கழுவ வந்த மாணவர் கால்வின் பிரிட்ஜஸ். தடித்த கண்ணாடி வழியே, வெறுங்கண்ணால், கண் நிறம் மாறிய ஒரு ஈயைக் கண்டார். மார்கன் அவரைக் கழுவுற வேலையிலேயே விட்டுவைக்கவில்லை; ஆய்வுக்குள் இழுத்துக்கொண்டார். 1916இல் 'ஜெனிட்டிக்ஸ்' இதழின் முதல் கட்டுரையே பிரிட்ஜஸின் முனைவர் பட்ட ஆய்வுதான். மரபணு குரோமோசோமில் இருக்கிறது என்பதற்கு அது சான்று. இன்னொரு மாணவர் ஸ்டர்ட்டிவன்ட். 1911இல் ஆய்வுக்கூடத்துத் தரவுகளை வீட்டுக்குக் கொண்டுபோய் ஒரே ராத்திரியில் முதல் மரபணு வரைபடம் போட்டார். 1913இல் அது அவர் பேரில் மட்டுமே அச்சானது. 1933 நோபல் பணத்தில் இருவர் பிள்ளைகளுக்கும் பங்கு வைத்தார் மார்கன்.

மேசை, தரவு, பேர். மூணும் கொடுத்தார், தகுதி தானா வந்தது.

இங்கே? தில்லி எய்ம்ஸில் எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கு ஆசிரியர் ஆதரவு இல்லை என்று 2007இலேயே தோரட் குழு எழுதியது. 'அண்ணே, ஃபெலோஷிப் ஏறிடுச்சா?' என்று என் கவுண்டரில் மாசாமாசம் கேட்கிற ஆய்வு மாணவனின் முகம் எனக்குத் தெரியும்.

இடஒதுக்கீடு கதவைத் திறந்தது. உள்ளே மேசை கேட்போம். கேட்டு வாங்குவோம்.